மாத்திரை இருக்கும்போது கீமோவும் ‘கரண்ட்’டும் எதற்கு?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கணவருக்கு 36 வயது, விசைத்தறிக் கூடத்தில் வேலை. விடாத காய்ச்சல், பல் ஈறில் ரத்தம், காலெல்லாம் சிவப்புப் புள்ளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனதில் ஏ.எல்.எல். என்ற தீவிர ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. மரபணுப் பரிசோதனையில் ‘பிலடெல்பியா பாசிட்டிவ்’. ஸ்டீராய்டு, வின்கிரிஸ்டின், டானோரூபிசின் கீமோ, முதுகில் ஊசி, கூடவே தினமும் டாசாட்டினிப் 100 மி.கி. மாத்திரை. 29ஆம் நாள் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் (முதிராத ரத்தச் செல்) 2 சதவீதம். ‘ரெமிஷன்’, அதாவது நோய் அடங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது இரண்டாவது மாதம் ஓடுகிறது.

அவருடைய சந்தேகங்கள் இவை. “என் நாத்தனார் வீட்டுக்காரருக்கும் பிலடெல்பியா என்றுதான் சொன்னார்கள். அவர் ஒரே ஒரு இமாட்டினிப் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒன்பது வருடமாக லாரி ஓட்டுகிறார். இவருக்கு மட்டும் ஏன் கீமோ?” நோய் போன பிறகும் மஜ்ஜை மாற்று, அதற்கு முன் உடம்பு முழுக்கக் ‘கரண்ட்’ (கதிர் சிகிச்சை) என்று பேசுகிறார்கள், கரண்ட் என்றால் கடைசிக் கட்டம் என்று ஊரில் சொல்கிறார்களே? பிளேட்லெட் 22,000க்கு இறங்கியதும் பயந்துபோய், டாக்டரிடம் சொல்லாமல் ஆறு நாள் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். பப்பாளி இலைச் சாறும் கொடுத்திருக்கிறார்கள். நான்கு வயது மகளுக்கும் இது வருமா, இன்னொரு குழந்தை பெற முடியுமா என்றும் கேட்கிறார். கடிதத்தோடு வந்த மருந்துச் சீட்டு நகலில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. அவர் கேட்காத அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

சகோதரி, மகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இது பரம்பரையாக வரும் நோய் அல்ல. உங்கள் கணவர் பிறந்து பல வருடங்கள் கழித்து, மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செல்லின் வாரிசுகளிடம் மட்டும்தான் அந்தக் கோளாறு இருக்கிறது. விந்தணுவில் இல்லை, மகளிடமும் இல்லை. தொட்டாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒட்டாது.

பேர் ஒன்று, நோய் வேறு

1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் கண்டுபிடித்ததால், அப்படித் துண்டு மாறிக் குட்டையான 22ஆம் குரோமோசோமுக்கு ஊர்ப் பேரே நிலைத்துவிட்டது. அது இரண்டு நோய்களில் வரும். உங்கள் நாத்தனார் கணவருக்கு இருப்பது சி.எம்.எல். என்ற நாட்பட்ட வகையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டிலும் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற புரதம், அணைக்க முடியாத ஸ்விட்ச் மாதிரி ‘பெருகு, பெருகு’ என்று செல்லை ஏவிக்கொண்டே இருக்கிறது. இமாட்டினிப், டாசாட்டினிப் இரண்டும் அந்த ஸ்விட்சின் குழியில் போய் உட்கார்ந்து அதை அடைத்துவிடும்.

சி.எம்.எல். ஆரம்பக் கட்டத்தில் செல்லின் கோளாறு ஏறக்குறைய அந்த ஸ்விட்ச் ஒன்றுதான். அணைத்தால் அடங்கிவிடும். ஏ.எல்.எல்.லில் அப்படியில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஐ.கே.இசட்.எஃப்.1 போன்ற வேறு மரபணுக்களும் கூடவே பழுதாகியிருக்கும். செல் வேகமாகப் பெருகும். பெருகும்போதே உருவத்தையும் மாற்றிக்கொள்ளும். டி315ஐ என்று ஒரு மாற்றம் உண்டு. அது வந்தால் அந்தக் குழிக்குள் இமாட்டினிப்பும் நுழையாது, டாசாட்டினிப்பும் நுழையாது. 2000ஐ ஒட்டிய வருடங்களில், கீமோவுக்குக் கட்டுப்படாமல் நோய் திரும்பிவந்த ஏ.எல்.எல். நோயாளிகளுக்கு இமாட்டினிப்பை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் சீக்கிரமே தெளிந்தது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களுக்குள் நோய் திரும்பிவிட்டது. மாத்திரை வருவதற்கு முன் கீமோவை மட்டும் நம்பியிருந்த காலமும் இருந்தது. இந்த வகை வந்த பெரியவர்களில் நீண்ட நாள் பிழைத்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இரண்டையும் சேர்த்த பிறகுதான் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரெமிஷனுக்கு வருகிறார்கள்.

சேர்த்துக் கொடுப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. மாத்திரை கூட இருப்பதால் கீமோவின் அளவைக் குறைக்க முடிகிறது. இமாட்டினிப்போடு முழு வேக கீமோவையும், இமாட்டினிப்போடு குறைத்த கீமோவையும் பிரான்ஸில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறைத்த பக்கத்தில் முதல் மாதத்திலேயே கிருமித் தொற்றால் இறப்பது குறைந்தது. நோய் அடங்குவதில் குறை எதுவும் வரவில்லை. உங்கள் கணவருக்கு எழுதியிருப்பதும் அப்படி மிதமாக்கிய திட்டமாகவே தெரிகிறது. ‘கீமோ இல்லாமலே’ என்று நீங்கள் கேட்டதில் தவறில்லை. இத்தாலியில் டாசாட்டினிப்போடு ஸ்டீராய்டு, பிறகு நோய் எதிர்ப்புச் செல்களைப் புற்றின் மேல் ஏவிவிடும் பிளினாடுமோமாப் என்ற மருந்து என்று கொடுத்து, 2020இல் நல்ல முடிவுகளை வெளியிட்டார்கள். அதிலும் முதுகு ஊசி உண்டு. ஆனால் பிளினாடுமோமாப்பை ஒரு சுற்றுக்கு 28 நாள் இரவும் பகலும் நிற்காமல் சொட்டு சொட்டாக ஏற்ற வேண்டும். விலையோ நம் ஆட்களுக்கு எட்டாத உயரம். அது கைக்கு எட்டாதபோது கீமோவையும் விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போடுவது இரண்டும் கெட்டான் வைத்தியம்.

‘நோய்தான் போய்விட்டதே’

போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. நோய் தெரியவரும்போது உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். அதில் நூறில் ஒரு பங்கு மிஞ்சினாலும் ஆயிரம் கோடி. மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவருக்கு அது ‘ரெமிஷன்’தான். ஆயிரம் கோடியையும் பிடிக்க வேறு பரிசோதனை வேண்டும். பி.சி.ஆர். முறையில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். அளவு பார்ப்பது அது. (பேர் இரண்டும் குழப்பும், முதல் பி.சி.ஆர். பரிசோதனை முறை, இரண்டாவது மரபணுவின் பேர்.) சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் முடியும்போது வரும் அந்த எண்தான் உங்கள் வீட்டில் இனி நடக்கப்போகும் பலவற்றைத் தீர்மானிக்கும். அறவே தெரியாத அளவுக்குப் போய்விட்டால், மஜ்ஜை மாற்று இல்லாமல் மாத்திரையையும் கீமோவையும் தொடரலாம் என்று பல மையங்கள் இன்று யோசிக்கின்றன. எண் தங்கிவிட்டால் மஜ்ஜை மாற்று பக்கம் தராசு சாயும். ஆகவே ‘கரண்ட் உறுதி’ என்று இப்போதே அழ வேண்டாம்.

ரிப்போர்ட்டில் ‘பி190’ என்றா ‘பி210’ என்றா போட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் அந்த பி.சி.ஆர்-ஏ.பி.எல். புரதத்தின் இரு அளவுகள். பி210க்கு உலகம் முழுக்க ஒரே அளவுகோல் உண்டு. ஏ.எல்.எல்.லில் அதிகம் வரும் பி190க்கு அப்படிப்பட்ட பொது அளவுகோல் கிடையாது. லேபுக்கு லேப் எண் மாறும். ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று லேபை மாற்றினால் முந்தைய எண்ணோடு ஒப்பிடவே முடியாமல் போய்விடும். ஆரம்பத்தில் பார்த்த லேபிலேயே கடைசி வரை பாருங்கள்.

நீங்கள் கேட்காத கேஸ் மாத்திரை

சீட்டின்படி காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் 40, எட்டரைக்கு டிபன் முடித்ததும் டாசாட்டினிப். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் புண் வரக்கூடாது என்று ஒருவர் எழுதியது முதல் மாத்திரை. புற்றுநோய்க்கென்று இன்னொருவர் எழுதியது இரண்டாவது. தனித்தனியாக இரண்டுமே சரி. சேர்ந்தால்தான் வம்பு. டாசாட்டினிப் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அந்த அமிலத்தைத்தான் நாள் முழுக்க அடைக்கிறது. இதே குடும்பத்து ஒமிபிரசோலோடு சோதித்தபோது ரத்தத்தில் சேர்ந்த டாசாட்டினிப் 43 சதவீதம் குறைந்தது. அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான ஃபமோடிடினோடு 61 சதவீதம். 100 மி.கி. விழுங்கி 50, 60 மி.கி.யின் பலனைப் பெறுகிற கதை. இமாட்டினிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதால் பலருக்கு இது நினைவில் நிற்பதில்லை.

அதற்காக நீங்களே பான்டோபிரசோலை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு ஓடும் நாட்களில், அதுவும் பிளேட்லெட் குறைந்திருக்கும்போது, வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்தால் ஆபத்து. இரண்டு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்து, “இரண்டும் சேரலாமா சார்?” என்று கேளுங்கள். வழிகள் இருக்கின்றன. திரவமாகக் குடிக்கும் சாதா ஆன்ட்டாசிட் என்றால் டாசாட்டினிப்புக்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போ கொடுக்கலாம். ஸ்டீராய்டு இல்லாத நாட்களில் கேஸ் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம்.

பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோல், இட்ராகோனசோல், போசகோனசோல் மருந்துகள் இதற்கு நேர் எதிர். டாசாட்டினிப்பையும் வின்கிரிஸ்டினையும் ரத்தத்தில் தேவைக்கு மேல் ஏற்றிவிடும். வின்கிரிஸ்டின் ஏறினால் முதலில் குடல் சோம்பும். இரண்டு நாள் மலம் போகவில்லை, வயிறு உப்புகிறது, தாடை வலிக்கிறது, செருப்பு காலில் நிற்காமல் நழுவுகிறது என்றால் ‘சாப்பாடு சரியில்லை’ என்று இருந்துவிடாதீர்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இரண்டும் டாசாட்டினிப்பைக் குறைத்துவிடும். பம்பளிமாஸ் பழத்தைச் சிகிச்சை முடியும்வரை தவிர்த்துவிடுங்கள்.

அந்த ஆறு நாள்

பிளேட்லெட் இறங்கியதைப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் கட்டத்தில் அது இறங்குவது எதிர்பார்த்ததே. கீமோ மஜ்ஜையைத் துடைக்கிறது. நல்ல விதையும் சேர்ந்து அடிபடுகிறது. தேவைப்பட்டால் பிளேட்லெட் ஏற்றுவார்கள், மாத்திரையைச் சில நாள் நிறுத்துவதா என்றும் அவர்களே முடிவு செய்வார்கள். டாசாட்டினிப் பிளேட்லெட்டின் எண்ணிக்கையோடு அதன் வேலையையும் மந்தமாக்கும். அதனால் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வலி மாத்திரைகள் அறவே வேண்டாம். பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம். பப்பாளி இலைச் சாறு மஜ்ஜையில் நடப்பதை மாற்றாது. வெள்ளையணு குறைந்திருக்கிறவரின் வயிற்றுக்குள் பச்சையாக அரைத்த இலையோடு கிருமியும் போகும் என்பதுதான் என் கவலை. பற்பம், செந்தூரம் எதையும் இப்போது தொட வேண்டாம். ஈரல் ஏற்கெனவே ஆறேழு மருந்துகளைச் சுமக்கிறது.

நிறுத்திய விஷயத்தை டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டினாலும் திட்டட்டும், தேதியோடு சொல்லிவிடுங்கள். காரணம் இருக்கிறது. மூன்றாம் மாத எண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை என்றால் ‘மருந்துக்கு நோய் மசியவில்லை’ என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். டி315ஐ பரிசோதனை எழுதுவார், பொனாட்டினிப்புக்கு மாற்ற நினைப்பார். அது டி315ஐயையும் அடக்கும் மருந்து. ஆனால் இதயம், மூளை, கால் ரத்தக் குழாய்களில் அடைப்பு ஏற்படுத்தக்கூடியது. உண்மையில் நடந்தது ஆறு நாள் இடைவெளியும் ஒரு மாதக் கேஸ் மாத்திரையும் என்றால், குற்றம் மருந்தின் மேல் இல்லை. இது தெரியாமல் அவரால் அந்த எண்ணைச் சரியாகப் படிக்க முடியாது.

டாசாட்டினிப்பை அவர்களே நிறுத்தச் சொல்லும் வேளை ஒன்றும் வரலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, வறட்டு இருமல் விடவில்லை என்றால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, நீர் இறங்க மருந்து கொடுத்து, குறைந்த அளவில் மறுபடி தொடங்குவார்கள். கீமோவோடு சேரும்போது 100இலிருந்து 70க்கு இறக்குவது பல திட்டங்களில் வழக்கம்தான். அளவைக் குறைத்தார்களே என்று பயப்பட வேண்டாம்.

‘கரண்ட்’ என்பது மின்சாரம் அல்ல

ரேடியேஷன் என்பது எக்ஸ்ரே கதிரின் வலுவான வகை. ஷாக் அடிக்காது, எரியாது, அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது. கடைசிக் கட்டத்தில் வலி குறைக்கவும் கதிர் கொடுப்பதால் ஊரில் அப்படிப் பேச்சு வந்துவிட்டது. உங்கள் கணவருக்குப் பேசுவது நோயை வேரோடு எடுக்கும் நோக்கத்தில்.

ரத்தப் புற்றில் அதற்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று தலை. மூளையைச் சுற்றி ஒரு தடுப்பு இருக்கிறது. பெரும்பாலான கீமோ அதைத் தாண்டாது, இமாட்டினிப்பும் சரியாகத் தாண்டாது. டாசாட்டினிப் ஓரளவு தாண்டும். முதுகு ஊசி வழியாக மெத்தோட்ரெக்ஸேட் போடுவது அங்கே ஒளிந்திருக்கும் செல்லுக்காகத்தான். ஒரு காலத்தில் எல்லோருக்கும் தலைக்கு 24 கிரே (கதிரை அளக்கும் அலகு) கொடுத்தார்கள். பிறகு குழந்தைகளுக்குப் படிப்பு மந்தம், வளர்ச்சிக் குறைவு, பல வருடம் கழித்து வேறு கட்டி என்று பின்விளைவுகள் தெரிந்ததும் பெரும்பாலும் கைவிட்டார்கள். இப்போது முதுகு நீரில் செல் இருந்தாலோ முக நரம்பு பாதித்தாலோதான் தலைக்குக் கதிர். உங்கள் சீட்டில் முதுகு நீர் சுத்தம் என்று இருக்கிறது. எப்போதாவது தலைக்குக் கதிர் கொடுக்க நேர்ந்தால் மெத்தோட்ரெக்ஸேட்டை அதற்கு முன்பே முடிக்கப் பார்ப்பார்கள். கதிருக்குப் பிறகு அதை ஏற்றினால் மூளையின் வெண்பகுதி கெடும் ஆபத்து கூடுகிறது.

இரண்டாவது, மஜ்ஜை மாற்றுக்கு முன் உடம்பு முழுக்க. வழக்கமான கணக்கு மொத்தம் 12 கிரே: காலை 2, மாலை 2 என மூன்று நாள். நுரையீரலுக்கு ஈயத் தடுப்பு வைப்பார்கள். இது மருந்து எட்டாத மூலைகளில் மிஞ்சிய செல்லை அழித்து, புது மஜ்ஜை ஒட்டவும் இடம் செய்யும். அப்போது டாசாட்டினிப்பை நிறுத்திவைத்து, புது மஜ்ஜை பிடித்த பிறகு மறுபடி தொடங்குவார்கள். வாய்ப்புண், காதோரம் வீக்கம், வயிற்றுப்போக்கு உடனே வரும். கண்புரை, தைராய்டு குறைவு பின்னால் வரலாம். இதை இலேசாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சையிலேயே உயிரிழப்பவர்களும் உண்டு. மூன்றாம் மாத எண் வரட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

இன்னொரு குழந்தை பற்றி: முழு உடல் கதிருக்குப் பிறகு விந்தணு உற்பத்தி அநேகமாக நின்றுவிடும். சேமிப்பது கீமோவுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். இப்போது எடுப்பதில் தரம் பற்றிய கேள்விகள் உண்டு. ஆனாலும் மஜ்ஜை மாற்றுக்குத் தேதி குறிக்கும் முன் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். சிகிச்சை நடக்கும் காலம் முழுக்கக் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

அவருடைய அக்காவுக்கும் தம்பிக்கும், மஜ்ஜை கொடுக்க முடியுமா என்று காட்டும் எச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்தம் இப்போதே பார்த்து வைக்கலாம். கூடப் பிறந்த ஒவ்வொருவரும் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்தாவிட்டாலும் பாதிப் பொருத்தத்தில் செய்யும் மையங்கள் உண்டு.

பணமும் காகிதமும்

2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இமாட்டினிப்பின் புது வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்துக்குப் பதிலாக ஏறக்குறைய 8,000 ரூபாய்க்கு உள்நாட்டு மாத்திரை நிலைத்தது அதனால்தான். டாசாட்டினிப்பிலும் இப்போது உள்நாட்டுத் தயாரிப்புகள் இருக்கின்றன. மருந்துக் கடை மாறி கம்பெனி மாறினால் அதையும் தேதியோடு குறித்துவையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. மஜ்ஜை மாற்றுக்கு எந்த ஆஸ்பத்திரியில் அனுமதி, எவ்வளவு வரை என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள்.

வேறொரு டாக்டரிடம் கேட்பது துரோகம் இல்லை. கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேட்டின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி. ஃப்ளோ ரிப்போர்ட் (புற்றுச் செல்லின் வகையைக் காட்டுவது), பி190/பி210 ரிப்போர்ட், 29ஆம் நாள் மஜ்ஜை, முதுகு நீர், கீமோ தேதிகள், மாத்திரை நிறுத்திய ஆறு நாள் இவ்வளவும் ஒரே ஃபைலில் இருந்தால் புது டாக்டருக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

கடைசியாக, வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். 100.4 டிகிரி காட்டினால் பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்க்க வேண்டாம். நடு இரவானாலும் வண்டி எடுங்கள். அவசரப் பிரிவில் போனதும் முதல் வாக்கியமாக “கீமோ ஓடுகிறது, வெள்ளையணு குறைவு” என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும்.